வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்க: நெல் பணத்தை எங்கே போடுவது?

கோரையாறு (நீடாமங்கலம்)

கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். வீட்டுக்கடன் 20 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீதம், மாறும் வட்டி. கொடுத்தது வங்கி இல்லை, வீட்டுவசதி நிதி நிறுவனம். மாதத் தவணை 17,356. இதுவரை 24 தவணை கட்டியாச்சு. மீதி அசல் 19,16,810. அதாவது 4,16,544 ரூபாய் உள்ளே போயும் அசலில் கழிந்தது 83,190 தான்.

வீட்டுக்கு வரும் சம்பளம் மாதம் 38,000. நிலம் 9 மா (மூன்று ஏக்கர் அளவு), குறுவையும் சம்பாவும். இந்த சம்பாவில் உரம், ஆள்கூலி, அறுவடை மெஷின் வாடகை, சங்கத்துப் பயிர்க்கடன் எல்லாம் போக 65,000 நிற்கிறது. சீட்டு முடிந்து 1,50,000 வந்திருக்கிறது. சேமிப்பில் 35,000. ஆக மொத்தம் 2,50,000. இன்னொரு பக்கம் அடகுக் கடையில் நகை மேல் 1,50,000 கடன், இரண்டு வட்டி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர்.

இந்த 2,50,000-ஐ அப்படியே வீட்டுக்கடனில் இறக்கினால் எத்தனை மாதம் குறையும்? இறக்கலாமா?

குடமுருட்டி (திருவையாறு)

தம்பி, முதல் கேள்விக்குப் பதில்: 2,50,000 முழுவதும் அசலில் கழிந்து, தவணைத் தொகை மாறாமல் இருந்தால், மீதி 216 மாதம் 162 மாதமாகும். 54 மாதம் மிச்சம்.

இரண்டாவது கேள்விக்கு: இறக்க வேண்டாம். முதலில் நகையை மீட்டுங்கள்.

இரண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். 1,50,000-க்கு மாதம் 3,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. அசலில் ஒரு பைசா குறையாது. வீட்டுக்கடன் 8.5 சதவீதம். 24-ஐ விட்டுவிட்டு 8.5-ஐ அடைப்பது, மடை உடைந்து கிடக்கும்போது வரப்பில் நண்டு வளை அடைப்பது மாதிரி.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். 1,50,000 கொடுத்து நகையை மீட்டாச்சு. மாதம் 3,000 வட்டி நின்றுபோச்சு. அந்த 3,000-ஐ வீட்டுச் செலவில் கலக்க விடாமல், மாதாமாதம் வீட்டுக்கடன் அசலில் கூடுதலாகக் கட்டுங்கள். 17,356 + 3,000 = 20,356. கடன் 156 மாதத்தில் முடியும். 60 மாதம் மிச்சம். மொத்தப் பணமும் உள்ளே போனால் 54 மாதம்தான் மிச்சம். நகையை மீட்டால் 60 மாதம் மிச்சம், நகை வீட்டில், 1,00,000 கையில். வீட்டு பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லை, ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பணம்தான்.

கோரையாறு

ஐயா, இந்த வித்தியாசத்தை எதிர்பார்க்கவில்லை. சரி, கையில் நிற்கும் 1,00,000-ஐ அசலில் போடலாமா?

அரசலாறு (கும்பகோணம்)

இந்தப் போகத்தில் வேண்டாம். ஆறு மாதத் தவணை எவ்வளவு? 17,356 × 6 = 1,04,136. கையில் இருப்பது அதற்கே கொஞ்சம் குறைச்சல். அது அப்படியே தனியாக நிற்கட்டும். வீட்டுக்கடனில் உள்ளே போன பணம் சாதாரணக் கடன் கணக்கில் திரும்பி வராது. ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் மூழ்கினால் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வர மாதக்கணக்கில் ஆகும், தவணை மட்டும் 5-ஆம் தேதி டாண் என்று வந்து நிற்கும். கையில் காசு இல்லாவிட்டால் அதே நகை அதே கடைக்குத்தான் திரும்பப் போகும். முன்கூட்டி அடைக்கிறேன் என்று கிளம்பும் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

வீட்டுச் செலவுக்கு ஒரு வழி. வருஷத்தில் ஒருமுறை இருமுறை வரும் செலவையெல்லாம் மாதக் கணக்காக்கிவிட வேண்டும். வைகாசியில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை. ஆனியில் குறுவை விதை, உழவு. ஐப்பசியில் தீபாவளி. தையில் பொங்கல் சீர். நடுவில் வீட்டு வரி, வண்டி இன்சூரன்ஸ், எல்ஐசி. எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்து, வரும் தொகையைத் தபால் நிலைய ஆர்டியிலோ தனிச் சேமிப்புக் கணக்கிலோ சம்பள நாளன்றே தள்ளிவிடுங்கள். இது இல்லாமல் கூடுதல் தவணை கட்டினால் வைகாசி வந்ததும் கடன் வாங்குவீர்கள். அந்தக் கடனுக்கு வட்டி 8.5 ஆக இருக்காது.

இன்னொன்று, எல்லா நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட வேண்டாம். நாலு பேர் வீட்டுக்கு வருஷத்துக்கு 300 கிலோ நெல் சாப்பாட்டுக்கு ஒதுக்கினால் 195 கிலோ அளவில் அரிசி தேறும். 2025-26 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் விலை 2,545 ரூபாய். 300 கிலோவை விற்றால் 7,635 கிடைக்கும். அந்த 195 கிலோ அரிசியைக் கிலோ 55-க்குக் கடையில் வாங்கினால் 10,725. விற்று வாங்கினால் 3,090 ரூபாய் நஷ்டம். அரவைக் கூலி, அவிக்கும் கூலி கழித்தாலும் வீட்டு நெல்தான் லாபம்.

வெண்ணாறு (தஞ்சாவூர்)

அக்கா சொல்வது சரிதான், ஆனால் ஒரு லட்சம் சும்மா சேமிப்புக் கணக்கில் தூங்குகிறதே. ஓவர்டிராப்ட் வகை வீட்டுக்கடன் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. உபரிப் பணத்தை அந்தக் கணக்கிலேயே போட்டு வைக்கலாம், போட்ட நாள் முதல் அந்தத் தொகைக்கு வட்டி ஏறாது, தேவைப்பட்டால் திரும்ப எடுக்கலாம். மாசியில் நெல் பணம் வந்து ஆனியில் குறுவைக்கு இறங்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஸ்டேட் பாங்கின் மேக்ஸ்கெயின் இந்த வகைதான், வேறு வங்கிகளிலும் உண்டு.

குடமுருட்டி

யோசனை நல்லது, ஆனால் ஆதாயத்தைத் தொகையாகப் பாருங்கள். 65,000 ரூபாய் நாலு மாதம் அந்தக் கணக்கில் இருந்தால் 8.5 சதவீதத்தில் 1,842 ரூபாய் வட்டி மிச்சம். அதே பணம் 2.5 சதவீத சேமிப்புக் கணக்கில் இருந்தால் 542 கிடைக்கும். வித்தியாசம் 1,300. தம்பியின் கடன் நிதி நிறுவனத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் புதுப் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, மதிப்பீடு, பழைய எம்ஓடிக்கு (பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததன் பதிவு) ரசீது, புது எம்ஓடி என்று எல்லாமே செலவு. இந்த 1,300-க்காக மட்டும் மாற்றக் கூடாது. வட்டி வித்தியாசமும் அரை சதவீதத்துக்கு மேல் இருந்து, காலமும் பத்து வருஷத்துக்கு மேல் மீதி இருந்தால் யோசிக்கலாம்.

புதிதாகக் கடன் வாங்கப் போகிறவர்கள் வெண்ணாறு சொல்வதை அவசியம் கேட்க வேண்டும். ஓவர்டிராப்ட் வகைக்கு வட்டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வெண்ணாறு

ஏற்கிறேன் ஐயா. ஆனால் வட்டி 8.5-லேயே நிற்பதுதான் உறுத்துகிறது. ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, 2025 தொடக்கத்தில் 6.50 இருந்தது, பிப்ரவரியில் இறங்க ஆரம்பித்து டிசம்பரில் 5.25-க்கு வந்தது. வங்கியில் 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது திருத்தியாக வேண்டும். அந்த விதி வங்கிக்குத்தான். நிதி நிறுவனம் தன் சொந்த அடிப்படை வட்டியை வைத்துக்கொள்ளும், புது ஆளுக்குக் குறைவாகவும் பழைய ஆளுக்கு அதிகமாகவும் ஓடும். கோரையாறு, இன்றைக்குப் புதிதாக வருபவருக்கு என்ன வட்டி என்று கேளுங்கள். உங்களுக்கும் அதே வட்டி வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் ஒரு மாற்றுக் கட்டணம் வாங்கிக்கொண்டு குறைப்பார்கள்.

குடமுருட்டி

அதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். வட்டி 7.75-க்கு இறங்கியது என்று வையுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் தவணையை 16,483 ஆக்கிவிட்டு 216 மாதத்தை அப்படியே வைத்துவிடக்கூடும். மாதம் 873 குறைந்தது என்று மனசு குளிரும், காலம் நகராது. தவணை 17,356-ஆகவே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தால் அதே கடன் சுமார் 194 மாதத்தில் முடியும். 22 மாதம் மிச்சம், கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை.

வட்டி ஏறும்போது இதே விஷயம் தலைகீழாக நடக்கும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.50-க்கு ஏறியபோது பலருக்குத் தவணை மாறவில்லை, காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. அதற்குப் பிறகுதான் 2023 ஆகஸ்ட் 18-இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: வட்டி திருத்தும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும். நிதி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். வருஷத்துக்கு ஒருமுறை மீதி தவணை எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பாமணியாறு (மன்னார்குடி)

சங்கத்துப் பயிர்க்கடன் பற்றி யாரும் பேசவில்லையே. கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு வட்டி கிடையாது. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும், அடுத்த போகத்துக்குக் கடனும் நின்றுவிடும். வீட்டுக்கடனைக் குறைக்கும் ஆசையில் சங்கத்துக் கெடுவைத் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டியில்லாக் கடனை விட்டுவிட்டுக் குறுவைக்கு வெளியில் கைநீட்டினால் எல்லாக் கணக்கும் பாழ்.

தவணைக் கணக்கையும் நெல் பணக் கணக்கையும் ஒன்றாக வைக்காதீர்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் காய வைக்கச் சொல்வார்கள், சாக்கு வர ஒரு வாரம், லாரி ஏற ஒரு வாரம், அதற்குப் பிறகு பணம் ஏறணும். இதை நம்பி 5-ஆம் தேதித் தவணையை வைத்தால் திரும்பிவிடும். திரும்பினால் கடன் கொடுத்த இடத்திலும் கட்டணம், சேமிப்புக் கணக்கு வங்கியிலும் கட்டணம். சிபிலிலும் கறை. தவணைக் கணக்கில் எப்போதும் இரண்டு தவணைத் தொகை கிடக்கட்டும். சம்பளம் 7-ஆம் தேதி வருகிறதென்றால் தவணைத் தேதியை 10-க்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

தென்னந்தோப்பு (பேராவூரணி)

அரசலாறு அக்கா சொன்ன ஆறு மாதம் நெல்லுக்குச் சரி. தென்னையை நம்பும் வீட்டுக்கு ஒரு வருஷத் தவணையாவது ஒதுக்கணும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் எங்கள் பக்கம் தோப்புகள் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னங்கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு வருஷம்.

மொய்ப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடி ஆவணியில் மொய் விருந்து வைத்து வரும் தொகையை மொத்தமாக வீட்டுக்கடனில் போட்டு அடைத்துவிடலாம் என்று இங்கே பேச்சு உண்டு. மொய் வரவு இல்லை, கடன். வட்டி இல்லாத கடன், ஆனால் நோட்டில் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் அவரவர் விருந்துக்குக் கூட்டித்தான் செய்யணும். யாருக்கு எந்த வருஷம் முறை வரும் என்று மொய் நோட்டிலேயே ஓரத்தில் குறித்து, முதல் இரண்டு வருஷத்தில் திரும்பச் செய்ய வேண்டிய தொகையை வெளியே வைத்துவிட்டு மீதியைத்தான் அசலுக்குக் கொண்டுபோகலாம்.

கோரையாறு

எல்லாம் குறித்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, அடுத்த சம்பாவில் ஒரு தொகை போட்டால் அது அசலில்தான் கழிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு, வீட்டுக்கடனை அடைத்தால் வருமான வரிச் சலுகை போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

குடமுருட்டி

வரியை முதலில் முடித்துவிடலாம். மாதம் 38,000, வருஷம் 4,56,000. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை. இல்லாத வரிக்குச் சலுகை எதற்கு? பழைய முறையில் இருந்து வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் குடியிருக்கும் வீட்டின் வட்டியில் 2 லட்சம் வரை கழிவு உண்டு, அவர்களும் 100 ரூபாய் வட்டி கட்டி 20, 30 ரூபாய் வரியைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

இப்போது அசல். இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. கடன் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால், அது முன்கூட்டிய தவணை என்றோ உபரி வரவு என்றோ ஒரு மூலையில் கிடக்கும். அசல் குறையாது, வட்டி பழையபடி ஓடும். அதனால் பணத்தோடு ஒரு கடிதம் போக வேண்டும். வாசகம் இவ்வளவு போதும்: “இத்தொகையைப் பகுதி முன்செலுத்தலாக அசலில் வரவு வைக்கவும். மாதத் தவணைத் தொகையை மாற்றாமல் தவணைக் காலத்தைக் குறைக்கவும். திருத்திய தவணை அட்டவணையைத் தரவும்.” தேதி, கணக்கு எண், கையெழுத்து. நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சில நிறுவனங்கள் இரண்டு மூன்று தவணைக்கு ஈடான தொகை இருந்தால்தான் வாங்குவோம் என்பார்கள். மாதம் 3,000-ஐ அப்படி மறுத்தால் தவணைத் தொகையையே 20,356 ஆக உயர்த்தித் தரச் சொல்லுங்கள். அதற்கும் இசையவில்லை என்றால் ஆர்டியில் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை 36,000-ஆகக் கட்டுங்கள்.

சரிபார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 8.5 சதவீதத்தில் ஒரு லட்சம் அசல் குறைந்தால் மாத வட்டி 708 ரூபாய் குறைய வேண்டும். அடுத்த மாதக் கணக்கு விவரத்தில் வட்டி என்ற வரியைப் பாருங்கள். 13,500-க்குப் பக்கத்தில் இருந்தது 12,800-க்குப் பக்கத்தில் வந்திருந்தால் அசலில் கழிந்திருக்கிறது. வட்டி வரி அசையவில்லை என்றால் அன்றைக்கே எழுதுங்கள். மாத மீதத்தில் வட்டி போடும் இடமாக இருந்தால் தவணைத் தேதிக்கு முன்னால் பணம் சேரும்படி பாருங்கள்.

காலத்தையே குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இது. உங்கள் கடனில் இன்று ஒரு லட்சம் போட்டுத் தவணையைக் குறைத்தால் 17,356 என்பது 16,451 ஆகும். 216 மாதத்தில் வட்டி மிச்சம் 95,000 அளவில். அதே லட்சத்துக்குக் காலத்தைக் குறைத்தால் 24 தவணை போய்விடும், வட்டி மிச்சம் 3 லட்சத்துக்கு மேல். அதே லட்சத்தை 12 வருஷம் கழித்துப் போட்டால் 9 தவணைதான் போகும். முன்னால் போட்ட பணத்துக்குத்தான் பலம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்செலுத்தல் அபராதம் கிடையாது, யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அரசலாறு

அடுத்த சம்பாவுக்கான கணக்கு என்னிடமிருந்து. மாதம் 3,000 கூடுதல் தொடர்கிறது, வருஷா வருஷம் மாசியில் நெல் பணத்திலிருந்து 40,000 அசலுக்குப் போகிறது என்று வைத்தால், மீதி 18 வருஷக் கடன் 10 வருஷம் 2 மாதத்தில் முடியும். 65,000 மொத்தத்தையும் போடச் சொல்லவில்லை. 25,000 குறுவைக்கும் பள்ளிக்கூடத்துக்கும். விளைச்சல் குறைந்த வருஷத்தில் 10,000 மட்டும் போடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். 3,000-ஐ மட்டும் விடாதீர்கள்.

அந்த நிறுவனம் கடனோடு சேர்த்துக் காப்பீடு விற்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றைப் பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே கூட்டியிருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் 20 வருஷ வட்டி கட்டுகிறீர்கள். பாலிசித் தாளைக் கேட்டு வாங்குங்கள், கடன் முடியும் அன்று மீதிக் காலத்துக்கான தொகை திரும்பக் கிடைக்குமா என்பது அதில்தான் இருக்கும்.

வீரசோழன் (மயிலாடுதுறை)

கடைசித் தவணையோடு வேலை முடிந்தது என்று நினைத்து விடுபவர்கள் அதிகம். பத்திரப் பக்கத்தைச் சொல்கிறேன்.

முடிக்கப் போகும் மாதத்துக்கு முந்தைய மாதமே கடன் முடிப்புத் தொகை விவரம் கேளுங்கள். எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும், அந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். பத்திரங்கள் கிளையில் இருக்காது, வேறு ஊரில் பாதுகாப்பில் இருக்கும், அதனால்தான் முன்கூட்டிக் கேட்பது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை: முழுதும் கட்டிய 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் தரப்பில் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. கடன் ஓடிய கிளையிலோ பத்திரம் இருக்கும் வேறு அலுவலகத்திலோ, உங்கள் விருப்பப்படி வாங்கலாம்.

வாங்கும்போது கடன் எடுத்த அன்று கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், மனை வரைபட அனுமதி, கட்டட அனுமதி. ஒவ்வொன்றிலும் பக்க எண்ணிக்கை, பதிவு எண். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலைகளையும் திருப்பி வாங்குங்கள். நிலுவை இல்லை என்ற சான்று, தானியங்கித் தவணை அனுமதி ரத்து. சேர்சாயில் (அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவகம்) ஏற்றிய அடமானப் பதிவை நீக்கியதற்கும் உறுதி கேளுங்கள்.

கோரையாறு

எம்ஓடிக்கு ரசீது போடுவது நம் வேலையா, அவர்கள் வேலையா? வில்லங்கத்தில் அந்தப் பதிவு தானாக அழிந்துவிடாதா?

வீரசோழன்

தானாக ஒன்றும் நடக்காது. கடன் வாங்கிய அன்று சார் பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி பதிவாகியிருக்கும். கடன் முடிந்ததும் நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற ஆள் அதே அலுவலகத்துக்கு வந்து ரசீது ஆவணம் எழுதிப் பதிய வேண்டும். அவர் வரும் நாளைக் கேட்டு வாங்கி டோக்கன் போடுவது உங்கள் வேலை. நிலுவை இல்லைச் சான்று, அவருடைய அதிகாரப் பத்திர நகல், எம்ஓடியின் ஆவண எண், வருஷம் எல்லாம் ரசீதில் பிழையில்லாமல் ஏறணும். எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பிழைதிருத்தல் ஆவணத்துக்கு மறுபடி அந்த ஆள் வரணும், அதற்கு ஒரு மாதம் அலையணும்.

பதிந்த பிறகு, எம்ஓடி போட்ட தேதிக்கு முன்னாலிருந்து அன்றைய தேதி வரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எம்ஓடி பதிவு அழிந்திருக்காது, அது அங்கேயே இருக்கும். அதற்குப் பிந்தைய தேதியில் ரசீது என்று இன்னொரு பதிவு வந்திருக்க வேண்டும். அதில் காட்டியிருக்கும் முந்தைய ஆவண எண், எம்ஓடி எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.